இதைக் காட்டினால் போதும்

விளம்பரத்தில் விலையைப் போடுவதா, விடுவதா என்று போன கிழமை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் தமிழ் விளம்பரம் எழுதி ஓய்வு பெற்றவளின் அறிவுரையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விளம்பரம் வெளியான பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் எங்கள் விளம்பர நிறுவனத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாம் முதலில் ஆங்கிலத்தில் வரும், பிறகு சிங்களத்துக்குப் போகும், கடைசியாக, பத்திரிகைக்குக் கொடுக்க நேரமாகிவிட்ட வேளையில், என் மேசைக்கு வரும். அப்படி ஒரு நாள் வந்ததுதான் ரீவி கேம்.

இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமானாகவே தெரியாது. ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, வயரில் தொங்கும் இரண்டு கைப்பிடிகள், மேலே செருகுவதற்கு ஒரு கசெட். தொலைக்காட்சியோடு இணைத்தால் சின்ன மனிதன் ஒருவன் ஓடுவான், பாய்வான், குழிக்குள் விழுவான். விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. என் சம்பளத்தில் ஒரு மாதத்துக்கு மேல். கசெட் வேறு. ஒன்றை விளையாடிச் சலித்துவிட்டால் அடுத்ததற்கு ஐந்நூறு ரூபா எடுத்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வந்த மாதிரி விளம்பரங்களையும் இறக்குமதிக்காரர் தந்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு இருப்பான். அவன் தலைக்கு மேல் விண்கலம், வெடி, மின்னல். ‘உன் அறைக்குள் ஒரு புதிய உலகம்’ என்ற மாதிரி ஒரு வரி. விலை மட்டும் எங்கும் இருக்காது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டார்கள். அந்தப் பத்திரிகைகளுக்கு அது பொருந்தியது.

நான் என் ஒழுங்கையை நினைத்துப் பார்த்தேன். எங்கள் மாடியில் மட்டும் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெடியன்கள் உள்ள வீடுகள் மூன்று. அதில் ஒன்று என் வீடு. அந்த வீடுகளில் யாருக்கும் புதிய உலகம் தேவைப்படவில்லை. பின்னேரம் பெடியன் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்கரைக்குப் போகாமல், சந்தியில் நிற்காமல், இராணுவத்தின் சுற்றிவளைப்பில் அகப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு நாலாயிரத்து ஐந்நூறு என்றால், எங்கேயாவது புரட்டிக் கொடுப்பார்கள். எனவே விற்க வேண்டிய பொருள் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ‘பிள்ளை வீட்டிலேயே இருப்பான்’ என்று தலைப்பு எழுதினேன்.

பிரச்சினை விலையில்தான் வந்தது. இறக்குமதிக்காரருக்குப் புறக்கோட்டையில் கடை இருந்தது. நாங்கள் அவரை முதலாளி என்றே அழைப்போம். விலை போட வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

“வெங்காயமா மிஸ் விக்கிறோம், விலை போட? ஆள் முதல்ல கடைக்குள்ள வரணும். வந்தா மத்தத நாங்க பேசிக்குவோம்.”

“பேசிறதுதான் பிரச்சினை, முதலாளி. எங்கட ஆக்கள் பேசமாட்டினம்.”

“ஏன், வாயில பல்லு இல்லையா?”

“பல்லெல்லாம் இருக்கு. வாயைத் திறந்தா ஊர் தெரிஞ்சிடும்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகும் தாய்மாரை அவரும் கண்டிருக்கிறார். நீங்கள் அந்தக் காலத்தில் இங்கே இருக்கவில்லை, அல்லது சின்னப் பிள்ளைகள். வடக்கில் இருந்து வந்தவர்களுக்குக் கடையில் விலை கேட்பது சின்ன விஷயம் அல்ல. சிங்களத்தில் கேட்டால் உச்சரிப்புக் காட்டிக்கொடுக்கும். தமிழில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் விலை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளுக்குத்தான் போவார்கள். விலையைப் பார்த்து, காசை வைத்து, பொருளை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பெட்டியோடு ஒரு விளையாட்டுத் துவக்கு இலவசம். திரையில் பறக்கும் பறவைகளை அதனால் குறிவைத்துச் சுடலாம். அந்த இலவசம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார்.

படம் வரைந்தவர் எங்கள் ஓவியர். ஹெந்தளையில் இருந்து வருகிற சிங்களவர், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்று நான் அவரை அய்யே என்பேன், தங்கை என்று அவர் என்னை நங்கி என்பார். துவக்கை மேசையில் வைத்து வரைந்துகொண்டே, “நங்கி, இது தோடம்பழச் செம்மஞ்சள். பேப்பரில் கறுப்பாகத்தான் விழும்” என்று சிங்களத்தில் சொன்னார். மை ஊறி அசிங்கமாகிவிடுமோ என்பதுதான் அவருடைய கவலை. கோடுகளைக் கூர்மையாக்கி, நிழலைக் குறைத்து, அழகாகச் செய்தார். உண்மையான துவக்கு போலவே வந்தது.

படத்துக்குக் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் விலை. அதன் கீழ் கடை விலாசம். அதற்கும் கீழே நான் எழுதிய வரி: ‘விலை கேட்கத் தேவையில்லை. வெட்டி எடுத்து வந்து இதைக் காட்டினால் போதும்.’

ஞாயிற்றுக்கிழமை வெளியானது. அந்தக் கிழமையே முதலாளி தொலைபேசி எடுத்தார்.

“மிஸ், என்ட கடையை ஊமைக் கடை ஆக்கிட்டீங்க. பேச்சே இல்ல. பேப்பரை வைக்கிறாங்க, சல்லியை வைக்கிறாங்க, பெட்டியைத் தூக்கிறாங்க, போறாங்க. தமிழ்ப் பேப்பரைப் பாத்துட்டுத்தான் கூடுதலா ஆள் வருது.”

நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல விளம்பரம். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியது. அவர்களுடைய பயத்தைத் தெரிந்து, அதைச் சுற்றி ஒரு வழி போட்டுக் கொடுத்தது. நல்ல விளம்பரம் என்றால் என்ன என்று நீங்கள் என்னிடம் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. வழமை போலச் சோதனைச் சாவடிகள் கூடின. அதற்கடுத்த கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், வரவேற்பில் ஒரு பெண் நிற்கிறார், தமிழ் ஆள் வேண்டுமாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கழுத்தில் செபமாலை. கையில் அந்த ஞாயிற்றுப் பத்திரிகை, விளம்பரம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. வெட்டியதன் ஓரத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர் சின்ன எழுத்தில் தப்பியிருந்தது. அதைக் காட்டி விசாரித்து விசாரித்து வந்திருந்தார்.

“அக்கா, நீங்களோ இதை எழுதினது?”

“ஓம்.”

“அப்ப நீங்கதான் வரவேணும். வந்து, இது விளையாட்டுச் சாமான் எண்டு அவங்களுக்குச் சொல்லோணும்.”

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் முழுவதும் விளங்கியது. மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து கொட்டாஞ்சேனையில் ஒரு உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். கணவர் கட்டாரில். மகனுக்குப் பதினேழு வயது. அவன் வெளியே போகாமல் இருக்கத்தான் தகப்பன் காசு அனுப்பியிருந்தார். சிங்களம் அவனுக்கு வராது. தாய் கூடப் போக வெளிக்கிட்டபோது, “நீங்க வேண்டாம் அம்மா, கதைக்கத் தேவையில்லை எண்டு போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் தனியே போயிருக்கிறான்.

புறக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பொலிஸார் மறித்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு, வெட்டி வைத்திருந்த விளம்பரத்தை எடுத்து நீட்டினான்.

கறுப்புத் துவக்கு. பெரிய எழுத்தில் ஒரு தொகை. புறக்கோட்டையில் ஒரு விலாசம். தமிழ் எழுத்து. இன்னொரு பையில் காசு. அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார்.

அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் அதைத் தூரத்தில் நின்று கண்டிருந்தார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று அவர் விசாரித்துச் சொன்னார். தாய் போயும் பார்த்தார். வாசலைத் தாண்ட விடவில்லை. என்னிடம் அவர் வரும்போது மகன் போய் மூன்றாம் நாள்.

எங்கள் முகாமையாளர் கெட்டவர் அல்ல. “கம்பனி கடிதத் தாளில் ஒன்று அடித்துத் தருகிறேன், அவரே கொண்டு போகட்டும். நீங்கள் போகாதீர்கள். போனால் அங்கே உங்கள் பெயரும் விலாசமும் எழுதுவார்கள்” என்றார். வங்கியில் வேலை செய்த என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“உனக்கென்ன விசரே?” என்றார். “எங்கட பெடியனை ஒருக்கா நினைச்சுப் பார். நாளைக்கு எங்கட வீட்டைத் தேடி வந்தா என்ன சொல்லுவாய்?”

“அதைத்தான் நினைக்கிறன்.”

“நினைச்சா பேசாமல் இரு.”

“அந்த மனுசி இங்க முன்னால இருக்குது.”

அவர் பக்கத்தில் யாரிடமோ மணி கேட்டார். பிறகு, “பெடியனைப் பள்ளிக்கூடத்தாலை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீ கவனம்” என்று வைத்துவிட்டார்.

என்ன கொண்டு போவது என்பதுதான் அடுத்த கேள்வி. நாங்கள் பாவித்துப் பார்க்கவென்று முதலாளி தந்த பெட்டி ஒன்று அலுமாரியில் இருந்தது, துவக்கோடு. துவக்கில்லாமல் பெட்டியை மட்டும் கொண்டு போனால் நம்பமாட்டார்கள். துவக்கைக் கொண்டு போனால் பொலிஸ் நிலையம் போய்ச் சேருவோமோ தெரியாது. ஓவியர்தான் முடிவெடுத்தார். “நான் வருகிறேன். துவக்கு என் கையில் இருக்கும். பைக்குள் வைக்கக் கூடாது, மூடக் கூடாது. எல்லோருக்கும் நிறம் தெரிய வேண்டும். நங்கி, நீங்கள் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வாருங்கள், முன்னால் வரவேண்டாம்.”

முச்சக்கர வண்டியில் அவர் அந்தத் துவக்கை இரண்டு விரலால், செத்த மீனை வாலில் பிடிப்பது போல, வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு வந்தார். மறித்த இடங்களில் எல்லாம் அவர் முதலில் பேசினார், சிரித்தார், பகிடி விட்டார். நான் வாயே திறக்கவில்லை. தாயும் பேசவில்லை. பொலிஸ் நிலைய வாசலுக்கு அருகே தாய் நிற்க அனுமதியில்லை என்றதால் அவரை எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பிடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை, வயது. எழுதினார்கள். மகனின் வயதைச் சொல்லும்போது ஒரு வருடத்தைக் குறைத்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒரு வருடத்தால் என்ன வித்தியாசம்?

பொறுப்பதிகாரி கடிதத்தை வாங்கி, படிக்காமல் மேசையில் வைத்தார். விளம்பரத்தின் மூலப் படத்தை ஓவியர் விரித்துக் காட்டினார். அதிகாரி துவக்கைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “இதில் என்ன செய்வது?” என்றார். பக்கத்து ஓய்வறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஓவியர் குனிந்து வயரைப் பொருத்தினார். பறவைகள் பறந்தன.

முதலில் ஒரு கொன்ஸ்ரபிள் சுட்டார். ஒன்றும் விழவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “இவனுக்கா அரசாங்கம் துவக்குக் கொடுத்திருக்கிறது!” என்றார் சார்ஜன்ட். பிறகு அவர் சுட்டார். அவருக்கு ஒன்று விழுந்தது. வெளியில் நின்றவர்களும் வந்துவிட்டார்கள். கடைசியில் அதிகாரியும் வாங்கிச் சுட்டார். அவர் குறி தவறவே இல்லை. சின்னப் பிள்ளை போலத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“கீயத?” என்றார். என்ன விலை?

நான் விலையைச் சொன்னேன். அவர் சார்ஜன்டிடம் பெடியனின் பையில் இருந்த காசு எவ்வளவு என்று கேட்டார். சார்ஜன்ட் பார்த்துச் சொன்னார். அதே தொகை, அதோடு பஸ்ஸுக்கான சில்லறை.

அதிகாரி தலையை ஆட்டினார். “ஹரி, சரி. அந்தப் பெடியன் சாமான் வாங்கத்தான் வந்திருக்கிறான். எனக்கு விளங்கிவிட்டது.”

எங்கள் தொழில் முழுவதும் ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஆளை நம்ப வைத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கு அப்படித்தான் இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய விற்பனை அது என்றுகூட நினைத்தேன். மேசையில் கைவைத்து எழும்பத் தொடங்கிவிட்டேன், அவனைக் கூட்டிக்கொண்டு போக.

“ஆனால் அவன் இங்கே இல்லை, நோனா” என்று மரியாதையாகவே சொன்னார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. “நேற்றுக் கொண்டு போய்விட்டார்கள். வேறு பிரிவு. நான் பிடித்தால் மேலே அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு அவன் என்னுடைய ஆள் இல்லை.”

“நீங்கள் நம்புகிறீர்களே. அதை அவர்களுக்குச் சொல்ல முடியாதா?”

“சொல்லலாம். அவர்கள் என்னைக் கேட்க வேண்டும்.”

எங்கே என்று கேட்டோம். அவருக்குத் தெரியாது என்றார். அது பொய்யாகத் தெரியவில்லை. பெட்டியைக் கழற்றப் போன ஓவியரை சார்ஜன்ட் தடுத்தார். சாட்சிப் பொருளாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். நாங்கள் நடையைத் தாண்டும்போது ஓய்வறையில் மறுபடி பறவைகளின் சத்தம் கேட்டது, சிரிப்பும்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்களும் ஒரு சட்டத்தரணியும் கோயில் பாதர் ஒருவரும் எழுதாத இடமில்லை. அவன் அடுத்த வருடம் வந்தான். தாய் தொலைபேசியில் சொன்னார். “வந்திட்டான் அக்கா” என்றார். பிறகு, “பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிறான் இல்லை. கையைத் தட்டினா எழும்பி நிக்கிறான்” என்றார். அவர்கள் எப்படியோ நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் பொலிஸ் நிலையம் போய் வந்த மறு கிழமையே முதலாளி அந்த விளம்பரத்தைத் திரும்பப் போடச் சொன்னார். நான் துவக்கை எடுத்தேன், விலையை எடுத்தேன், அந்த வரியையும் எடுத்தேன். வாயைப் பிளந்த பையனையும் மின்னலையும் போட்டேன். தமிழ் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று என்று முதலாளி குறைப்பட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம். “நீங்க சொன்னதுதான் மிஸ் சரி, விலையைப் போடுங்க” என்றார். நான் போடவில்லை. காரணமும் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. கடைக்குள் வராத வாடிக்கையாளரின் பிள்ளைகள், அந்தப் பின்னேரங்களில், எந்தச் சந்தியில் நின்றார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். இரண்டில் எது சரி என்று இன்றும் சொல்ல முடியவில்லை. என் மகன் இப்போது வெளிநாட்டில், குடும்பத்தோடு இருக்கிறான். அவன் தொலைபேசியை எடுக்கப் பிந்தினால் இன்னும் நான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் கேட்டது விலையைப் பற்றி. இவ்வளவும் எழுதியும் அதற்குப் பதில் வரவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு வரி உங்கள் மேசையை விட்டுப் போன பிறகு யாருடைய சட்டைப் பையில் இருக்கும், யாருக்கு முன்னால் எடுத்து நீட்டப்படும் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்தாலும் எல்லாம் தெரியாது. தெரிந்தாலும் காப்பாற்ற முடியும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

அன்று பொலிஸ் நிலையத்தில் இருந்து வெளியே வந்து நாங்கள் வீதியைக் கடந்தோம். தாய் பஸ் தரிப்பிடத்தில் எழும்பி நின்றார். ஓவியரின் வெறுங்கையைப் பார்த்தார், பிறகு என்னை.

“காட்டினீங்களோ, அக்கா?”

“காட்டினோம்.”

“நம்பினவங்களோ?”

“ஓம். நம்பிட்டாங்க.”

“விளையாட்டுச் சாமான் எண்டு?”

“ஓம். எல்லாத்தையும் நம்பிட்டாங்க.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போகும்வரை பொறுத்திருந்து மறுபடி பார்த்தார்.

“அப்ப அவன் எங்க, அக்கா?”

எங்கள் ஓவியருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு விளங்கிவிட்டது. அவர் எங்களை விட்டு விலகி, வந்த வழியே வீதியின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.